வளைந்த அட்டைகள்

“உங்கள் விண்ணப்பத்தில் ஐந்து தொழில்கள் இருக்கின்றன. இதில் உங்கள் தொழில் எது?”

புத்தக வடிவமைப்பாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஓவியம், ஸ்கிரீன் பிரிண்டிங், பைண்டிங், மண்பாண்டம், நெசவு என்று 11 ஆண்டுகள் அலைந்துவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். இன்று என் கதையைக் கேட்கிறவர்கள், எல்லாவற்றையும் முன்பே யோசித்துத்தான் கற்றேன் போலிருக்கிறது என்று மெச்சுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் தோற்றுத்தான் அடுத்ததற்குப் போனேன்.

படித்தது ஓவியம். என் படங்கள் விற்கவில்லை. விற்காததற்குக் காரணமும் இருந்தது. ஒரு நிறம் சரியில்லை என்றால் அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் வேறொன்று என்று பூசிக்கொண்டே போவேன். கடைசியில் எல்லாம் சேற்று நிறத்தில் வந்து நிற்கும். கைச்செலவுக்காக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே ஒரு நிறத்துக்கு ஒரு வலைத்துணிச் சட்டம்; துணியில் திறந்திருக்கும் இடங்கள் வழியாகத்தான் மை இறங்கும். ஐந்து நிறம் வேண்டுமென்றால் ஐந்து சட்டம் இழுத்துக் கட்டி, ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, இருட்டில் காயவைத்து, வெளிச்சம் காட்டிக் கழுவ வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கழுவும்போது படமே வழிந்து போய்விடும். கூடினால் மெல்லிய கோடுகள் திறக்காமல் அடைத்துக்கொள்ளும். கறுப்பு அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு விரற்கடை நகர்த்தி, எந்தப் பட்டை சரியாக வருகிறது என்று பார்த்துத்தான் நேரத்தைக் கண்டுபிடித்தேன். இவ்வளவு பாடு என்றால் ஐந்து நிறம் எதற்கு என்று மனம் தானாகக் கேட்கும். ஒளி ஊடுருவும் மையில் மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் ஏறாத நிறச் சிக்கனம், சட்டம் கழுவிய ஒரே மாதத்தில் ஏறியது.

பட்டறை மூடப்பட்டபோது, பக்கத்து அறையில் பைண்டிங் செய்துகொண்டிருந்த பெரியவரிடம் சேர்ந்தேன். மூன்றாவது மாதம், நானே பொறுப்பேற்று 40 குறிப்பேடுகளுக்கு அட்டை போட்டேன். பசை தடவி, உறை ஒட்டி, எடை வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் எடையை எடுத்ததும் அட்டைகள் ஒவ்வொன்றாக வளைய ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் 40 அட்டைகளும் ஓடு கவிழ்த்த மாதிரி நின்றன.

பெரியவர் திட்டவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை என்னிடம் கொடுத்து, “மேலிருந்து கீழே கிழி, அம்மா” என்றார். கோடு போட்டதுபோல் நேராகக் கிழிந்தது. “இப்போது குறுக்கே கிழி.” கோணல்மாணலாகப் போயிற்று. இயந்திரத்தில் காகிதம் உருவாகும்போது, அது ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் காகிதம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. இழைக்குக் குறுக்கேதான் விரியும். காயும்போது அதே திசையில் சுருங்கி அட்டையை இழுக்கும். அதனால் அட்டை, உறை, உள்தாள் எல்லாவற்றின் இழையும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். நான் தாள் வீணாகக் கூடாது என்று கணக்குப் பார்த்து, உறையைக் குறுக்கே வெட்டியிருந்தேன்.

மண்பாண்டத்தில் ஒன்றரை ஆண்டு. ஈர மண் சூளையிலிருந்து வெளியே வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும் என்பதும், 573 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென அளவு மாறுவதால் அங்கே அவசரப்பட்டால் பானை விரிசல் விடும் என்பதும் தெரிந்தது. ஜாடி ஒரு மண்ணிலும் மூடி வேறு மண்ணிலும் செய்து, இரண்டும் பொருந்தாமல் திருதிருவென்று விழித்ததும் உண்டு. இதனால் என் வடிவமைப்புக்கு என்ன கிடைத்தது என்றால், எதுவும் இல்லை. எதிலும் ஏதாவது பாடம் இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெசவுக்குப் போனதற்கு நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் ஒரு காரணம். 1919இல் ஜெர்மனியில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், ஆரம்பத்தில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள்: வடிவம் சொல்லித்தர ஒரு கலைஞர், வேலை சொல்லித்தர ஒரு கைவினைஞர். 1922இல் அங்கே சேர்ந்த அன்னி கண்ணாடிப் பட்டறையைத்தான் விரும்பினார். பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கே அனுப்பிய இடம் அது. வேண்டாவெறுப்பாகத் தறியில் உட்கார்ந்தவருக்கு 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்தியது. நான் விரும்பித் தறியில் உட்கார்ந்தேன். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் அறுந்துகொண்டே இருந்தது. எட்டாவது மாதம் எழுந்துவிட்டேன்.

பிறகு வேலை தேடல். முதலில் செய்த போர்ட்ஃபோலியோ, அதாவது என் வேலைகளின் தொகுப்பு, 46 பக்கம், ஆண்டு வரிசையில். ஆறு இடங்களில் நிராகரித்தார்கள். வேறு சில இடங்களிலிருந்து பதிலே இல்லை. நான் போன பாதையை அவர்கள் ஏன் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்? ஓவியங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்தேன். பானைகள் எல்லாம் போயின. 14 பக்கம் மிஞ்சியது. ஒவ்வொரு வேலைக்கும் இடப்பக்கத்தில் கெட்டுப்போனது, வலப்பக்கத்தில் சரியாக வந்தது. கூடவே வளைந்த குறிப்பேடு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

எது உங்கள் தொழில் என்று கேட்டவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அந்தக் குறிப்பேட்டை மேசையில் வைத்தேன். “இது ஏன் இப்படி வளைந்திருக்கிறது?” என்றார். செய்தித்தாள் கேட்டு வாங்கிக் கிழித்துக் காட்டினேன். அவரும் வாங்கிக் கிழித்துப் பார்த்தார். அறையில் இருந்த மூன்று பேரும் கிழித்தார்கள். மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது.

மென்பொருள் மட்டும் எனக்குச் சரியாக வராது. என்னைவிட ஆறு வயது இளையவர்தான் பக்கம் கட்டுவதைச் சொல்லிக்கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. என் முதல் மேலட்டை அச்சுக்குப் போகும் முன் அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“அக்கா, படத்தை ஓரத்தோடு நிறுத்திவிட்டீர்களே. வெட்டும் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டிவிட வேண்டாமா? கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியுமே. நீங்கள் கையால் புத்தகம் வெட்டியவர்தானே?”

“இங்கே கத்தி கண்ணில் படவில்லை, தம்பி.”

அவர் குனிந்து எதையோ தட்டினார். பக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்று தோன்றியது.