20,000 அடியில் ஒரு கேன் மண்ணெண்ணெய்

20 லிட்டர் மண்ணெண்ணெயின் எடை 16 கிலோ. இரும்புக் கேனையும் சேர்த்தால் 20 கிலோ. சியாச்சின் பனியாற்றின் உச்சிக் காவல் நிலைகளுக்கு ஒரு சீட்டா ஹெலிகாப்டரால் ஒரு நடைக்குக் கொண்டுபோக முடிவது சில நாள்களில் அவ்வளவுதான். இரண்டு விமானிகள், ஒரு எஞ்சின், ஒரு கேன். சமவெளியில் ஐந்து பேரோடு சாதாரணமாகக் கிளம்பும் அதே எந்திரம்தான் இது.

படைகள் ஹெலிகாப்டருக்குப் பழகிய வரலாற்றை வாங்கிய ஆண்டுகளை வைத்துச் சொல்வது வழக்கம். 1954இல் இந்திய விமானப்படைக்கு சிகோர்ஸ்கி எஸ்-55 வந்தது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரில், எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் மேக்னா ஆற்றுக்கு அப்பால் வீரர்களை இறக்கின. 1986 நவம்பர் 1இல் தரைப்படைக்கெனத் தனி விமானப் பிரிவு அமைந்தது. ஆனால் உண்மையான பழக்கம் எடைத் தாளில்தான் நடந்தது என்பது என் எண்ணம். எவ்வளவு ஏற்றலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எந்தப் பக்கமாக இறங்கலாம் என்ற கணக்கைக் கற்க ஒரு தலைமுறை பிடித்தது.

சீட்டாவே மலைக்கெனக் கேட்டு வாங்கியது. 1968இல் இந்தியா வைத்த கோரிக்கைக்காக, அலவெட் 2 ஹெலிகாப்டரின் எலும்புக்கூட்டில் அலவெட் 3இன் எஞ்சினையும் ரோட்டாரையும் (மேலே சுழலும் இறக்கை) பொருத்தினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். லாமா என்று பெயர், இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். பெங்களூரில் கட்டியபோது சீட்டா ஆனது. அதன் சூட்சுமம் எளிது. சுமார் 870 குதிரைத்திறன் தரக்கூடிய ஆர்டூஸ்ட் எஞ்சினை 550க்கு மேல் போகவிடாமல் கட்டிவைத்தார்கள். உயரம் ஏற ஏற காற்று மெலிந்து எஞ்சின் பலம் குறையும்போது, கீழே பயன்படுத்தாமல் வைத்த அந்த மிச்சம் கைகொடுக்கிறது. 1972இல் பிரெஞ்சு விமானி ஜான் பூலே ஒரு லாமாவை 12,442 மீட்டர் வரை ஏற்றினார். உச்சியில் எஞ்சின் அணைந்துபோக, ரோட்டாரைக் காற்றே சுழற்ற விட்டுத் தரை இறங்கினார்.

20,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 18,000 அடியில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி. வெப்பம் அதைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உயரத்தில் ஏறக்குறைய 120 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறி மைனஸ் 6 ஆகிவிட்டால் ஹெலிகாப்டர் 19,800 அடியில் பறப்பதுபோல் திணறும். விடியலில் தூக்கிய சுமையை நண்பகலில் தூக்க முடியாமல் போவது இதனால்தான். பின் இருக்கைகளைக் கழற்றுவதும், போய்வரத் தேவையான அளவுக்கு மட்டும் எரிபொருள் ஊற்றுவதும் கிலோக்களை மீட்கத்தான். ஆனால் எரிபொருளைக் குறைத்தால், மேகம் மூடும்போது சுற்றிவர நேரம் இருக்காது. எந்தப் பக்கம் குறைத்தாலும் இன்னொரு பக்கம் இடிக்கும்.

இறங்கும்போது முதலில் ஏமாற்றுவது வேகமானி. அது 60 நாட் (ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) காட்டினால், மெல்லிய காற்றில் உண்மையான வேகம் 82 நாட் அளவுக்கு இருக்கும். பின்னாலிருந்து காற்றும் தள்ளினால் நிறுத்துவதற்குத் தேவையான பலம் எஞ்சினிடம் இருக்காது. ஆகவே எதிர்காற்றில், சரிவு குறைவாக, ஒரு பக்கம் பள்ளம் திறந்திருக்கும்படி வர வேண்டும். பலம் போதவில்லை என்றால் மூக்கைத் தாழ்த்தி அந்தப் பள்ளத்தில் சரிந்து வேகம் பிடித்துக்கொள்ளலாம். கடைசிச் சில அடிகளில் ரோட்டார் கிளப்பும் பனித்தூள் கண்ணை மறைத்துவிடும். அப்போது விமானி பிடித்துக்கொள்வது ஒரே ஒரு அடையாளத்தை: பனியில் நட்ட கொடி, அல்லது ஒரு வெற்றுக் கேன்.

ஹெலிபேட் என்பது வீரர்கள் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய பனி. பனியாறு நகர்வதால் அது சாயும், பிளக்கும். திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒரு சறுக்குக்கால் மட்டும் புதைந்து, அதைக் கவனிக்காமல் மேலே இழுத்தால் அந்தக் காலையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் கவிழ்ந்துவிடும். அதனால் முழு எடையையும் பனியில் வைப்பதில்லை, எஞ்சினை அணைப்பதுமில்லை. உறைந்த உயரத்தில் அணைத்த எஞ்சின் திரும்பக் கிளம்பும் என்று நம்ப முடியாது. அரை நிமிடத்தில் சுமை இறங்கியாக வேண்டும். இறக்குபவர்கள் குனிந்து, விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கத்திலிருந்து வருவார்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் சுழலும் இறக்கை தலைமட்டத்தில் இருக்கும். ரோட்டார் காற்றில் திறந்திருக்கும் விரல் சில நிமிடங்களில் மரத்துப்போகும். அடிவாரத்திலோ இரவில் பேட்டரியைக் கழற்றிச் சூடான அறையில் வைப்பதும், குளிரில் விறைத்த ரப்பர் சீல்கள் வழியே ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறதா என்று விடியுமுன் விரலால் தடவிப் பார்ப்பதும் பராமரிப்பாளர்களின் வேலை. இந்த உழைப்பு செய்தியில் வருவதில்லை. ஆனால் அன்றைய பறத்தல் இதில்தான் தொடங்குகிறது.

சுமை தூக்கும் கணக்கு தெரிந்திருந்தது, சண்டைக் கணக்கு தெரியவில்லை என்பதைக் கார்கில் காட்டியது. 1999 மே 28இல் தோலோலிங் முகட்டின் அருகே ராக்கெட் ஏந்திப் போன எம்ஐ-17 சரக்கு ஹெலிகாப்டர்களில் ஒன்று தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு இரையானது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். அந்த உயரத்தில் ஆயுதச் சுமையோடு போகும் ஹெலிகாப்டரால் சட்டென்று மடங்கித் திரும்ப முடியாது. திருப்பத்துக்குத் தேவையான கூடுதல் பலம் எஞ்சினில் மீந்திருக்காது. மறைந்துகொள்ள மரமும் இல்லை. முகட்டில் இருப்பவன் நேர்மட்டத்திலிருந்தோ மேலிருந்தோ சுடுகிறான். அதன்பின் அந்தப் போரில் எம்ஐ-17ஐத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. கையிலிருந்த எம்ஐ-35 தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு அந்த உயரம் எட்டாது.

அந்தக் குறையிலிருந்துதான் பிரசண்ட் என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் பிறந்தது. இரண்டு சக்தி எஞ்சின்கள், 20 மில்லிமீட்டர் துப்பாக்கி, 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள், மொத்த எடை 5.8 டன். 2010 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்து, 2022 அக்டோபர் 3இல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. கார்கிலுக்குப் பிறகு 23 ஆண்டுகள்.

சுமை தூக்கும் பக்கம் இன்னும் மெதுவாக நகர்கிறது. சீட்டாவுக்கு மாற்றாக எச்.ஏ.எல். செய்த இலகு ரக ஹெலிகாப்டர் 2016இல் முதலில் பறந்து, 2020இல் சியாச்சின் ஹெலிபேடுகளில் சுமையோடு இறங்கிக் காட்டியது. ஆனாலும் உச்சி நிலைகளுக்கான மண்ணெண்ணெயை இத்தனை காலமும் சுமந்தது 1969இல் முதலில் பறந்த ஒரு வடிவமைப்பு. அதற்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. அது நின்றுவிட்டால் விமானிக்குக் கீழே கிடைப்பது பனிப்பிளவுகள்.