பட்டாணி அளவு குமிழி

கன்றுக்குட்டியின் முழங்கால் மூட்டு, ஐஸில் பொதிந்து இறைச்சிக்கூடத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும். குருத்தெலும்பைச் சீவியெடுத்து கொலாஜினேஸ் நொதியில் இரவு முழுக்க ஊறவைத்தால் செல்கள் பிரிந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் கை பழகிவிடும். என்னைப் படுத்தியெடுத்தது, அந்தச் செல்களைப் புதுக் குருத்தெலும்பாக வளர்க்கும் கலன்தான்.

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவான வகை அது. படுக்கைவாட்டில் மெல்லச் சுழலும். உள்ளிருக்கும் வளர்ப்புத் திரவமும் கூடவே சுற்றும். செல் ஏற்றிய துண்டுகள் சுவரில் மோதாமல் மிதக்கும். கரையும் தையல் நூல் செய்கிற பாலிகிளைகாலிக் அமில இழைகளால் ஆன பஞ்சுதான் துண்டு: 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன்.

உள்ளே காற்று துளியும் இருக்கக் கூடாது. நான் நிரப்பியபோது குமிழியே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பட்டாணி அளவு ஒன்று! அது திரவத்தைக் கலக்கியடித்ததில் இரண்டு துண்டுகளின் ஓரம் பிய்ந்திருந்தது. மூடி தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன். மறுபடியும் குமிழி. மூன்றாம் முறை, ஆய்வகத்தின் மூத்த உதவியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினாயா?"

ஆமாம். குளிர்ந்த திரவத்தில் கரைந்திருந்த காற்று, 37 டிகிரியில் வெளியே வந்திருக்கிறது. சரி, அன்றிலிருந்து திரவத்தை முதல் நாளே இன்குபேட்டரில் வைத்துவிடுவேன். மிச்சம்மீதி குமிழியைக் கலனைச் சாய்த்துத் தட்டி வாய்ப்பக்கம் கொண்டுவந்து, ஒரு சிரிஞ்சால் திரவத்தைச் செலுத்தி இன்னொன்றால் உறிஞ்சியெடுப்பேன். தரையில் குமிழி மேலே ஏறி வருவதால் இது முடிகிறது. விண்வெளியில் அதற்கு மேல் ஏது, கீழ் ஏது?

1996 செப்டம்பரில் இதே மாதிரித் துண்டுகள் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போயின. 1997 ஜனவரியில் திரும்பின. செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் துண்டுகள் உருண்டையாகி, தரையில் வளர்ந்தவற்றைவிட வலுக் குறைந்திருந்தன. விண்வெளிக்கென்று செய்த கலன் தரையில்தான் நல்ல குருத்தெலும்பைத் தந்தது! எனக்கு இதில் கொஞ்சம் அற்ப சந்தோஷம்கூட உண்டு.

துண்டுகள் கனக்கக் கனக்கக் கீழே இறங்கும். சுழலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறாவது வாரம் ஒன்றை வெட்டி, குருத்தெலும்புப் பொருள் சேர்ந்த இடத்தைச் சிவப்பாக்கும் சாஃப்ரானின் என்ற சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஓரமெல்லாம் நல்ல சிவப்பு. நடுவில் மட்டும் வெளிறிக் கிடந்தது. மற்றவற்றை இன்னும் வெட்டவில்லை, சுற்றிக்கொண்டிருக்கின்றன.