சீற்றுக்கு அடியில் ஒரு பழைய பெல்ட்

தருமபுரத்திலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கிற காசில் புதிய ஸ்கூட்டியை நினைத்தும் பார்க்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் எங்களுக்கு எட்டுகிற விலையில் ஒன்றும் வரவில்லை. சரி, இருக்கிறதைத்தான் ஓட்டவேண்டும். அதற்குக் கராஜ்காரரை நம்பவேண்டும். என் பயமே அங்கேதான்.

போன வருசம் ஒரு பெரிய கராஜில், இஞ்சின் சுற்றுவதைப் பின் சில்லுக்குக் கொண்டுபோகிற பெல்ட்டும் அதோடு வேலை செய்கிற றோலரும் மாற்றவேண்டும் என்றார்கள். 14,500 ரூபாய். சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார்கள். கழற்றின சாமான் எங்கே என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நாலு மாதம் போகவில்லை. கைபிடியை முறுக்கினால் இஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு அண்ணை தகரக் கொட்டில் போட்டு வேலை செய்கிறார். பெயர்ப்பலகை இல்லை. ஒரு வாங்கைப் போட்டு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கவரைக் கழற்றினார். ஒவ்வொரு ஆணியும் பழைய மீன் ரின்னுக்குள் விழுந்தது.

"ரீச்சர், இதைத் தொட்டுப் பாருங்கோ."

பெல்ட்டை மடக்கிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க வெடிப்பு, ஆவணியில் வற்றின குளத்துத் தரை மாதிரி. றோலரைக் கையில் வைத்தார். உருண்டையாக இருக்கவேண்டியது ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து கிடந்தது. நாலு மாத ஓட்டத்தில் இப்படி வராது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காசுக்காக மட்டுமில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. ஆனால் என்னிடம் இருந்தது அந்தத் துண்டுக் கடதாசி. அதில் கடையின் பெயர்கூட இல்லை. தயவுசெய்து நீங்கள் கேட்டு வாங்குங்கள், எந்தச் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

அண்ணை எந்த மெக்கானிக் படிப்பும் படித்தவரில்லை. போர்க்காலத்தில் பெற்றோல் வராமல் பொருளாதாரத் தடை இருந்தபோது பெடியனாக நின்று, சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார்சைக்கிள்களின் கரிப் பிளக்கைச் சுரண்டிச் சுரண்டித் தொழில் பழகியவர். 2022 ஆடியில் எரிபொருளைப் பங்கிடுகிற கியூ.ஆர். முறை வந்து கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலோடு நாங்கள் தவித்தபோது, அந்த 4 லீற்றரை எப்படி நீட்டுவது என்று வந்தவர்களுக்கெல்லாம் சும்மா சொல்லிக்கொடுத்தார். தெரியாத மொடல் வந்தால் தமிழ்நாட்டு மெக்கானிக்மாரின் வீடியோவைப் போனில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். அதை மறைப்பதும் இல்லை.

அன்றைக்கு எயார் பில்ற்றரையும் கழற்றினார். ஸ்பொஞ்ச் செம்மண் நிறத்தில் இருந்தது. எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதி. மண்ணெண்ணெயில் அலசி, காயவிட்டு, ஒயிலில் நனைத்துப் பிழிந்து போட்டார். புழுதி அடைத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடக் குடிக்கும், மாதம் ஒருதரம் நீங்களே செய்யலாம் என்றார். இப்போது நானே செய்கிறேன்.

சாமானை என்னையே கடையில் வாங்கிவரச் சொன்னார். கூலி 1,500. பழைய பெல்ட்டைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார். அது இன்னும் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. கொப்பியில் திகதியும் கிலோமீற்றரும் எழுதி வைத்திருக்கிறேன். பின் பிறேக் கொஞ்சம் சத்தம் போடுகிறது, வெள்ளி பின்னேரம் அண்ணையிடம் காட்டவேண்டும்.