வாய்ஸ் நோட் தமிழன்

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். வீட்டில் தமிழ், பாலக்காட்டுக்குப் போனால் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது எங்கள் ஊரும் அதோடு சேர்ந்தது.

அண்ணன் மகன் படிப்பதெல்லாம் மலையாளத்தில். தமிழில் வாய் ஓயாது, ஆனால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பொள்ளாச்சி அத்தை தமிழில் தட்டுவார். யாராவது வாசித்துக் காட்டினால் இவன் வாய்ஸ் நோட்டில் பதில் சொல்வான். அத்தைக்கு என்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.

விஜய் படங்கள் இங்கே தமிழிலேயே ஓடும். வசனமெல்லாம் பயலுக்கு மனப்பாடம். சரி, இருக்கட்டும். ஆனால் ரீல்ஸில் எதற்கு மதுரைத் தமிழ்? எங்கள் ஊர்ப் பேச்சுக்கு லைக் விழாதாம்! அப்புறம் ஒருநாள் என் அம்மா அவனைத் திட்டியதை அப்படியே போட்டான். கமெண்ட் குவிந்துவிட்டது. இப்போது தினமும் திட்டச் சொல்லிக் கெஞ்சுகிறான். அம்மா சம்பளம் கேட்கிறார்.