கிள்ளான்ல பார்க்க என்ன இருக்கு?

12 செப்டம்பர் 2024, வியாழன்

ஈப்போவிலிருந்து மச்சான் போன் செய்தார். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பந்திங் வருகிறாராம். வரட்டும், வீடு கலகலப்பாக இருக்கும். போனை வைக்கும்போது ஒரு கேள்வி கேட்டார்: "கிள்ளான்ல அப்படி என்ன மாப்பிள்ளே இருக்கு, பார்க்க?"

சுருக்கென்றது. கிள்ளான் என் ஊர்கூட இல்லை. நான் தோட்டத்துக்காரன். இருபத்தெட்டு வருஷம் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை, இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஆனாலும் மலேசியாவின் இந்தப் பக்கத்தில், பந்திங்கில் இருக்கும் எங்களுக்கு டவுன் என்றால் கிள்ளான்தான். சம்பளம் போட்ட வார ஞாயிறு, தீபாவளித் துணி, தாலிக்குப் பொன், பெரிய ஆஸ்பத்திரி எல்லாமே அங்கேதான். இத்தனை முறை போய் வந்தவனுக்கு உடனே பதில் வரவில்லை. "நிறைய இருக்கு, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

13 செப்டம்பர், வெள்ளி

காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடிக்கும்போது வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன். கிள்ளானுக்குப் போனால் எங்கே போவீர்கள்?

தையல்கடை அக்கா யோசிக்கவே இல்லை: லிட்டில் இந்தியா. அங்கேதான் ஜாக்கெட் துணி ஒத்துப்போகும் நிறத்தில் கிடைக்குமாம். ஆலையில் வேலை செய்யும் பையன் தஞ்சோங் ஹராப்பான் என்றான். ராத்திரி மோட்டாரில் கூட்டாளிகளோடு போய் உட்கார்ந்திருப்பார்களாம். என்னடா செய்வீங்க என்றால், "சும்மாதான் அங்கிள், காத்து வாங்குவோம்." பழ லாரி ஓட்டும் அண்ணன் பெருமாள் கோயில் என்றார். இரும்புச் சாமான் கடை தவுகே, அதாவது முதலாளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே "பூலாவ் கெத்தாம், நண்டு" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அரண்மனையையும் அருங்காட்சியகத்தையும் யாரும் சொல்லவில்லை. துறைமுகத்தையும் யாரும் சொல்லவில்லை. கிள்ளான் துறைமுகம் போன வருஷம் மட்டும் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 14 மில்லியன் சரக்குப் பெட்டிகளுக்கு மேல் கையாண்டது, உலகத்துப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. பக்கத்து ஊர்க்காரன் எவனும் அதைப் பார்க்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவையும் கேட்டேன். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "கப்பலு பாக்கணும்" என்றார். எழுபத்தொன்பது வயது. சரி, பார்க்கலாம்ப்பா என்றேன், எங்கே என்று தெரியாமலேயே.

15 செப்டம்பர், ஞாயிறு

மச்சான் நேற்று இரவே வந்துவிட்டார். இன்று வேன் நிறைய ஆள். ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளான். வழியெல்லாம் செம்பனை, நடுவில் நடுவில் புதுக் கடைவீடுகள். இந்தப் பிப்ரவரியில்தான் கிள்ளானுக்கு மாநகர் அந்தஸ்து கிடைத்தது. பெயர்ப்பலகைகள் மாறியிருக்கின்றன, குழிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

முதலில் லிட்டில் இந்தியா, அதாவது ஜாலான் தெங்கு கிளானா. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, ஆனால் தெருவுக்கு அது தெரியவில்லை. கடைக்குக் கடை ஒரு பாட்டு, ஒன்றோடொன்று மோதி எதுவும் புரியாது. பூக்கடையில் ஒரு அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். கண் எங்களைப் பார்க்கிறது, வாய் விலை சொல்கிறது, விரல்கள் மட்டும் தனியாக நாரை இழுத்து முடிச்சுப் போடுகின்றன. இரண்டிரண்டு பூவாக எதிரும் புதிருமாக வைத்து ஒரு சுற்று. முழம் முடிந்ததும் பல்லால் கடிக்கவில்லை, கட்டைவிரல் நகத்தாலேயே நாரை அறுத்தார். மச்சான் மகள் ஐந்து நிமிஷம் நகரவில்லை. கடைசியில் இரண்டு முழம் வாங்கித்தான் அவளைக் கிளப்பினோம்.

உளுந்து வடை சூடாக ஒரு பை. அப்பாவுக்கு நாலு தனியாகக் கட்டச் சொன்னேன், அவர் வீட்டில் இருந்துவிட்டார்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சிக்கூடம். வெள்ளைக் கட்டடம், 1909இல் கட்டியது. மச்சானுக்கு இதில் ஆர்வமே இல்லை, "ராஜா நாற்காலியைப் பார்த்து என்ன செய்ய" என்று வாசலிலேயே நின்றார். உங்கள் ஈப்போ ரயில் நிலையத்தை வரைந்த அதே ஹப்பாக் துரைதான் இதையும் வரைந்தவர் என்று சொன்னேன். அதற்கப்புறம் ஆளைக் காணோம். தூணைத் தட்டிப் பார்க்கிறார், வளைவைப் போட்டோ எடுக்கிறார். நாங்கள்தான் காத்துக்கொண்டிருந்தோம்.

மதியம் மச்சான் பக்குத்தே சாப்பிட வேண்டும் என்றார். பன்றி எலும்பை மூலிகையோடு மணிக்கணக்கில் கொதிக்கவிடும் சூப். கிள்ளான் என்றால் சீனர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், இந்த வருஷம் தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி உள்ளே வரமாட்டேன் என்று பக்கத்துக் கடையில் தோசை சாப்பிட்டாள். நான் இரண்டு கடையிலும் பாதிப் பாதி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கோத்தா பாலம். இரண்டு தட்டுப் பாலம், கீழ்த்தட்டில் நடந்து ஆற்றைக் கடக்கலாம். கிள்ளான் ஆறு தே தாரிக் நிறம். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இதில் நடந்திருக்கிறேன். சைக்கிள்காரர்கள் மணி அடித்தபடி உரசிக்கொண்டு போவார்கள். இன்று நடந்தபோது தாத்தா கதை ஞாபகம் வந்தது, பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் என்பவர் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, அப்புறம் ஒன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்து சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். எங்கள் தாத்தாவும் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தார். அவரிடம் சைக்கிளே கிடையாது. சாகும்வரை வாங்கவும் இல்லை.

16 செப்டம்பர், திங்கள்

மலேசியா தினம், மழை. யாரும் எங்கேயும் போகவில்லை. ஆறிப்போன வடையை அப்பா ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டார்.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்றும் பொது விடுமுறை. தவுகே சொன்ன நண்டுத் தீவுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். படகுத்துறை போர்ட் கிள்ளான் கொம்யூட்டர் ரயில் கடைசி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்த இடம் தேடியே அரைமணி நேரம் போனது. இன்று சீனர்களின் மூன்கேக் திருநாள் வேறு, தீவுக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கேக் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். படகின் படி செங்குத்தாக ஆடுகிறது. அப்பா பார்த்தார், "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்க" என்றார். நானும் அவரோடு தங்கிவிட்டேன். மற்றவர்கள் போனார்கள்.

உண்மையில் எனக்கு அதுதான் நல்ல பொழுது. அப்பா இந்த இடத்தை இன்னும் போர்ட் சுவெட்டன்ஹம் என்றுதான் சொல்கிறார். பெயர் மாறியது 1972இல். தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கேதான் இறங்கினாராம். இறங்கினதும் நேரே தோட்டத்துக்கு விடமாட்டார்கள், நோய் பார்க்க முகாமில் அடைத்து வைப்பார்கள். அங்கே போட்ட கஞ்சி உப்பில்லாமல் இருந்ததாம். தாத்தா பாதி வாழ்க்கையை மறந்துவிட்டார், அந்தக் கஞ்சியை மறக்கவில்லை.

1901இல் இந்தத் துறைமுகம் திறந்தபோது சுற்றிலும் சதுப்புக்காடு. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள், மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது. கிள்ளானில் இருந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர்தான் சேற்றை வடியவைத்து, வாய்க்கால் வெட்டிக் கொசுவை ஒழிக்கச் செய்தார். இதைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "வாய்க்கா வெட்டுனது யாரு, டாக்டரா?"

மச்சான் குடும்பம் மூன்று மணிக்குத் திரும்பியது. எல்லார் காலிலும் சேறு, முகத்தில் பூரிப்பு. கடல்மேல் கால் நட்டு நிற்கும் பலகை வீடுகள், கார் கிடையாது, மின்சார சைக்கிள் வாடகைக்கு. நீர் வற்றியிருந்ததால் வீடுகளுக்கு அடியில் சேற்றில் தாவும் மீன்கள். சின்னவன் அந்த மீன் நடந்து காட்டுவதைத் தரையில் கையூன்றி நடித்துக் காட்டினான். நண்டு விலையை மட்டும் மச்சான் சொல்லவில்லை. தங்கச்சியிடம் தனியாகச் சொன்னாராம்.

19 செப்டம்பர், வியாழன்

என் தப்பு. கப்பல் பார்க்க வேண்டுமென்றால் பெரிய துறைமுகம் இருக்கும் பூலாவ் இண்டாவுக்குப் போகலாம் என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். பாலம் தாண்டியதும் முன்னால் பெட்டி லாரி, பின்னால் பெட்டி லாரி, நடுவில் நம் வேன் தீப்பெட்டி மாதிரி. துறைமுகம் வேலிக்குப் பின்னால் இருக்கிறது. பாஸ் இல்லாதவன் பார்ப்பது பாரந்தூக்கிகளின் தலையை மட்டும்தான். ஒரு வளைவில் நிறுத்தினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒட்டகச்சிவிங்கி மேயுற மாதிரி இருக்கு" என்றார். பின்னால் ஹாரன். கிளம்பிவிட்டோம்.

21 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. விடியுமுன்னே பெருமாள் கோயில். சுந்தரராஜப் பெருமாள், பெர்சியாரான் ராஜா மூடா மூசாவில், கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறார். நூறு வருஷத்துக்கும் மேலான கோயில். புரட்டாசியில் எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ ஆள் வரும். ஆலை மூடிய தோட்டம், வீட்டுமனையாய்ப் போன தோட்டம் என்று எங்கெங்கோ சிதறிப்போனவர்கள் வரிசையில் பார்த்துக்கொள்கிறார்கள். "நீங்க மேல் டிவிஷன் பால்காரர் மகந்தானே?" என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் இல்லை. இருந்தாலும் அரைமணி நேரம் பேசினோம். லாரிக்கார அண்ணன் இந்தக் கோயிலைச் சொன்ன காரணம் பிடிபட்டது. அவர் சாமிக்கு மட்டும் வரவில்லை.

மச்சான் மத்தியானம் கிளம்பிவிட்டார். "நிறையத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். போதும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு நானும் அப்பாவும் தஞ்சோங் ஹராப்பான். ஆலைப் பையன் சொன்ன இடம். வட துறைமுகத்தை ஒட்டிய கரை. கடல் உணவுக் கடைகள், காற்றாடி விடும் பிள்ளைகள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் மலாய்க்காரர்கள். வேலி கிடையாது, பாஸ் கேட்க ஆள் கிடையாது. சுவர் மேல் துண்டை விரித்து அப்பாவை உட்காரவைத்தேன். இந்த முறை வடை சூடாக இருந்தது.

ஆறேகாலுக்கு ஒன்று வந்தது. முதலில் கட்டடம் என்று நினைத்தேன், அப்புறம்தான் நகர்வது தெரிந்தது. சிவப்பு, நீலம், பச்சைப் பெட்டிகள் பத்து அடுக்குக்கு மேல். சத்தமே இல்லை. காற்றாடிப் பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா வடையைக் கையில் வைத்தபடி அது கடந்து முடியும்வரை பார்த்தார்.

"இதுல எத்தனை பேருடா வருவாங்க?"

"இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்பாங்கப்பா."

"இம்மாம்பெரிய கப்பலுக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இடம் தாராளமா இருக்கும்" என்றார்.

இன்னொரு கப்பல் வரும்வரை இருக்கலாம் என்றார். இருட்டிவிட்டது, கொசு வந்துவிட்டது. இருந்தோம்.