சரக்கு வந்து இறங்கிருச்சு, வெளிய எடுக்க 9 நாள்

நிவாரணப் பொருள்னா கஸ்டம்ஸ்ல யாரு நிறுத்தப் போறான்னு நெனச்சுத்தான் மொத தடவ நானும் எறங்குனேன். வெள்ளம் வந்த நாட்டுக்கு எங்க சின்ன அமைப்பு அனுப்புன டெண்ட், போர்வை, மருந்து, ஒரு ஜெனரேட்டர், கூட ரெண்டு சாட்டிலைட் போன், எல்லாமே ஒரே ஏர்வே பில்லுல (விமானச் சரக்குக்குப் போடற சீட்டு). விமானம் சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு, சரக்கு வெளிய வரத்தான் 9 நாள் ஆச்சு.

தப்பு எங்க மேலயும் இருக்கு, அத மொதல்ல சொல்லிடறேன். சும்மா குடுக்கற பொருள்தானேன்னு இன்வாய்ஸ்ல மதிப்ப சைபர்னு போட்டுட்டோம், இலவசமோ இல்லையோ கஸ்டம்ஸுக்கு ஒரு மதிப்பு வேணும்னு அப்பத் தெரியாது. பேக்கிங் லிஸ்ட்ல மருந்து 14 பெட்டின்னு ஒத்த வரி, மருந்து பேரு, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எதுவும் இல்ல. மருந்துக்கு சுகாதாரத் துறை அனுமதி, போனுக்கு தொலைத்தொடர்பு அனுமதி வேணும்னாங்க, ஒரே பில்லுங்கறதால அந்த ரெண்டு போனுக்காக போர்வையும் குடோன்லயே கெடந்துச்சு, அங்க சனம் ஈரத்துல நிக்குது, இங்க டெமரேஜ் (சரக்க எடுக்காம வச்சிருக்கற நாளுக்குக் கட்டணம்) ஏறுது.

கஸ்டம்ஸ் வேலைய நமக்காகப் பாக்கற கிளியரிங் ஏஜென்ட் சொல்லித்தான் கியோட்டோ உடன்படிக்கைன்னு கஸ்டம்ஸுக்கும் ஒண்ணு இருக்கறது தெரிஞ்சது (பருவநிலை கியோட்டோ வேற, இது 1999ல திருத்துனது). அதுல நிவாரண சரக்குக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. சரக்கு வர்றதுக்கு முன்னாடியே டிக்ளரேஷன் தாக்கல் பண்ணலாம், விவரம் முழுசா இல்லன்னாலும் ஏத்துக்கிட்டு மிச்சத்த அப்பறம் வாங்கிக்கலாம், ஆபீஸ் நேரம் தாண்டியும் கிளியரன்ஸ் பண்ணலாம். படிக்க ஜோராத்தான் இருக்கு, ஆனா அது விருப்ப இணைப்புல இருக்கறதால கையெழுத்துப் போட்ட நாடு கூட அந்தப் பகுதிய ஏத்துக்காம இருக்கலாம். அதனால பொருள் பேக் பண்றதுக்கு முன்னாடியே, போற நாட்டுல என்ன விதி, அங்க வாங்கிக்கற அமைப்புக்கு சுங்க வரி விலக்கு இருக்கான்னு கேட்டுருங்க. நாங்க கேக்கல.

அடுத்த தடவ பில்ல மூணாப் பிரிச்சோம். போர்வை, டெண்ட் ஒண்ணு, மருந்து ஒண்ணு, திரும்பி வரப்போற ஜெனரேட்டர் தனியா தற்காலிக இறக்குமதில. பேப்பர் எல்லாம் விமானம் கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஏஜென்ட் கைக்குப் போயிருச்சு. போர்வை மறுநாளே வெளிய வந்துச்சு, மருந்து மட்டும் 4 நாள், ஒரு பேட்ச் எக்ஸ்பைரில தேதியும் மாசமும் மாத்தி டைப் பண்ணிட்டேன், நான்தான்.