8 வயசாகியும் ராத்திரி உச்சா போறாளா? திட்டாதீங்க, ப்ளீஸ்

எங்க சின்னவ மூணாவது படிக்கிறா, இன்னமும் சில ராத்திரி படுக்கைய நனைச்சிடுவா. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க சொல்ற வைத்தியம் "ரெண்டு போடு, தானா நிக்கும்", இல்லன்னா "சூடு வச்சிடுவேன்னு மிரட்டு". கேட்டாலே பத்திக்கிட்டு வருது எனக்கு. தூக்கத்துல போறத ஒரு குழந்தை எப்படிங்க வேணும்னு செய்யும்?

ராத்திரி நேரத்துல மூத்திரம் கம்மியா சுரக்க வைக்கிறது வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோன், அது சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் செட் ஆகும், அதோட மூத்திரப்பை ரொம்பினாலும் முழிப்பு வராத அளவுக்கு அசந்து தூங்குவாங்க. 5 வயசுல நூத்துல சுமார் 15 பிள்ளைங்களுக்கு இது இருக்கு. பரம்பரையாவும் வரும், இவ அப்பாவுக்கும் நாலாவது வரைக்கும் இருந்துச்சு, அதை அவரே அவகிட்ட சொன்னப்போ புள்ள மூஞ்சில வந்த நிம்மதி இருக்கே!

ஆனா நான் முக்கியமா சொல்ல வர்றது பகல் நேரத்த பத்தி. ஸ்கூல் பாத்ரூம் நாறுதுன்னு இவ நாள் பூரா அடக்கிக்கிட்டு இருந்திருக்கா, போகக்கூடாதுன்னே தண்ணியும் குடிக்கறதில்ல, கொடுத்தனுப்புன பாட்டில் அப்படியே திரும்பி வரும், சாயங்காலம் வந்ததும் மடக்கு மடக்குன்னு மொத்தத்தையும் குடிச்சா ராத்திரி என்னாகும்? மலச்சிக்கலும் சேர்ந்துடுச்சு, இறுகிப்போன மலம் மூத்திரப்பைய அழுத்தும்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும், பெரும்பாலான வீட்டுல இத யாரும் கவனிக்கறதே இல்ல. கிளாஸ் மிஸ்கிட்ட பேசி இன்டர்வெல்ல போக ஏற்பாடு பண்ணோம், மதியத்துக்குள்ள முக்கால்வாசி தண்ணி, தினமும் கொய்யா இல்ல கீரை, ராத்திரி டீ, கோலா கிடையாது, படுக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம். கொஞ்சம் கொஞ்சமா கொறையுது.

நடுராத்திரி தூக்கிட்டுப் போய் உக்கார வச்சா அன்னிக்கு பெட்ஷீட் தப்பிக்கும், அவ்ளோதான். ரப்பர் ஷீட் போட்டு, மாத்து துணிய பக்கத்துல வச்சிடுங்க. ஈரம் பட்டதும் அடிக்கிற அலாரம் இருக்கு, நல்லா வேலை செய்யும், ஆனா 2, 3 மாசம் விடாம போடணும். மாத்திரையும் உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும்.

ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை திடீர்னு மறுபடி ஆரம்பிச்சாலோ, பகல்லயும் நனைச்சாலோ, போகும்போது எரியுதுன்னு சொன்னாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஓயாம தாகம்னு கேட்டு, உடம்பும் இளைச்சிக்கிட்டே வந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க.